கையில் ஒன்றும் இல்லாமல்

பையனை இப்படிக் கொடுங்கள் அக்கா. ஒரு கையில் அவன், ஒரு கையில் பை, கம்பியை எதைக் கொண்டு பிடிப்பீர்கள்? இந்த டிரைவர் பிரேக் போடுகிற லட்சணத்தில் இரண்டு பேரும் முன்னால் போய் விழுவீர்கள். பையையும் என் காலடியில் வையுங்கள். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நான் திருவானைக்கோயிலில் இறங்க வேண்டும். நீங்கள் ஸ்ரீரங்கமா? சரி, நான் இறங்குகிற வரைக்கும் என் மடியில் இருக்கட்டும். பேர் என்ன, மித்ரனா? வாடா மித்ரா. கனமாகத்தான் இருக்கிறான்.

என் முகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கோபம் உங்கள் மேல் இல்லை, எங்கள் அம்மா மேல். அம்மாவை ஒரு வீட்டிலிருந்து அழைத்துவரத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அழைத்து என்ன, இழுத்து. நான் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் காலையில் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்புகிறாள். சாயங்காலம்தான் திரும்புகிறாள். எந்தக் கோயிலில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள்? நான் கேட்கவில்லை. நிம்மதியாக எங்கேயோ உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். திருவானைக்கோயிலில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போகிறாளாம். புருஷனும் மனைவியும் பேங்கில் வேலையாம். கைக்குழந்தையாம்.

தேவையா அக்கா? அவளுக்கு என்ன குறை வைத்தேன்? நீங்கள் வெளியாள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், ஒன்றையும் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், கோபப்படுவதற்கு எனக்கு நியாயம் இருக்கிறதா இல்லையா என்று.

எல்லாம் அந்தக் கப்பலில் ஆரம்பித்தது. போன ஆனி மாதம் அப்பாவையும் அம்மாவையும் கப்பலில் அழைத்துப்போனேன். அலாஸ்கா என்று ஒரு இடம். நான் இருக்கிற சியாட்டிலிலிருந்து வடக்கே கடல் வழியாகவே போக வேண்டும். மலைகளிலிருந்து பனி ஆறு மாதிரி இறங்கிவந்து கடலில் முட்டிக்கொண்டு நிற்கும். அதன் முகத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கப்பலை நிறுத்துவார்கள். எல்லோரும் மேலே நின்று பார்ப்பார்கள். குடும்பம் குடும்பமாக வருகிற பெரிய கப்பல். அப்பா துறைமுகத்தில் அதைப் பார்த்ததும், காந்தி மார்க்கெட்டையே தூக்கித் தண்ணியில வெச்சிருக்கானே என்றார். அப்பா காந்தி மார்க்கெட்டில் லோடுமேன். அவருக்கு எதைப் பார்த்தாலும் அந்த மார்க்கெட்தான்.

ஏன் கப்பல் என்று கேளுங்கள். அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் அம்மா தில்லைநகரில் ஒரு டாக்டர் வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டுப் பிள்ளையை வளர்த்ததே அவள்தான். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய், அவர்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். உள்ளே போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நான்தான் போக மாட்டேன். ஜன்னல் வழியாக அம்மா நடமாடுவது தெரியும். கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். வாளி, துடைப்பம், பால் புட்டி, அந்தப் பிள்ளை. எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே பழைய போட்டோ அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எடுத்தது. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். பாதிதான் தெரிவேன். மீதிப் பாதி போட்டோவுக்கு வெளியே போய்விட்டது.

எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்த அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். உலகத்தில் யாரும் சுலபத்தில் போக முடியாத ஓர் இடத்தில், அம்மா கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டும். சும்மா. ஒரு பைகூட இல்லாமல். நான் அதைப் போட்டோ எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அக்கா என் ஆசை. இது பெரிய ஆசையா?

விசா எடுத்தேன். நடுவில் ஒரு சாயங்காலம் கப்பல் கனடாவில் நிற்கும் என்பதற்காக அந்த நாட்டு விசாவும் தனியாக எடுத்தேன். அப்பாவுக்கு ஷூ, அம்மாவுக்கு ஒரு சிவப்புக் கோட்டு. நல்ல சிவப்பு. பனிக்கு முன்னால் எடுப்பாகத் தெரியும் என்று தேடித் தேடி வாங்கியது. ஆபீசில் லீவு கேட்க மூன்று தடவை மேனேஜர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அப்படிப்பட்ட லீவு அது.

ஏறும்போதே தொடங்கிவிட்டது. சோதனை அதிகாரி அம்மாவின் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். என்னவென்று பார்த்தால், எனக்குத் தெரியாமல் என் சமையலறையிலிருந்து கரண்ட் குக்கரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறாள். கப்பலில் சாப்பாடு கொட்டிக் கிடக்கிறது, நாள் முழுக்கத் தின்னலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். யாராவது ராத்திரி பசிக்குதுன்னு வந்தா என்ன பண்றது என்கிறாள். யார் வரப்போகிறார்கள்? அந்த அதிகாரி குக்கரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அறையில் இன்னும் மோசம். படுக்கையைச் சரிசெய்ய ஒருவர் வருவார், பிலிப்பைன்ஸ்காரர். அவர் வருவதற்கு முன்னால் அம்மா எல்லாவற்றையும் சரிசெய்து, பாத்ரூமைக் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து வைத்துவிடுவாள். அவர் உள்ளே வந்து சுற்றிப் பார்ப்பார், தலையைச் சொறிவார், போய்விடுவார். ஒரு நாள் அவர் துண்டை மடித்து யானை மாதிரி செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அந்த யானையைக் கலைக்கவே விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் மிச்சம் இருந்த ஒரு துண்டில் துடைத்துக்கொண்டோம். அப்பா மட்டும் ஒரு முறை யானையின் தும்பிக்கையை இழுத்து முகம் துடைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. நான் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அறையைத் தொடாதே. லிப்டில் சத்தமாகப் பேசாதே. தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடாதே. எல்லாம் அவள் நன்மைக்குத்தான். நாலு பேர் நம்மைப் பார்க்கிற இடம்.

இரண்டாம் நாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம். ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் தட்டு, எங்கள் மேஜையை ஒட்டி நின்றாள். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். கொண்டா என்கிறாள், தமிழில். அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு சட்டென்று பின்னால் போனாள். முகமே மாறிவிட்டது அக்கா. நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு முறை இல்லை, நாலைந்து முறை கேட்டிருப்பேன். அம்மாவின் கை அப்படியே நீட்டினபடி இருந்தது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கினேன். பிறகு சொன்னேன், இங்கே யாருடைய குழந்தையையும் தொடக்கூடாது, போலீஸைக்கூடக் கூப்பிடுவார்கள் என்று. அம்மா புரியாமல் பார்த்தாள். ரெண்டு கையும் ரொம்பியிருக்கே, அவ எப்படிச் சாப்பாடு எடுப்பா என்றாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எந்த ஊரில் அக்கா இப்படி முன்பின் தெரியாதவர்கள் குழந்தையை வாங்குவார்கள்?

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இதோ பக்கத்து சீட்டு காலி ஆகிறது, உட்காருங்கள். பையன் இருக்கட்டும், கண் சொருகுகிறது அவனுக்கு. இப்போது மாற்றினால் முழித்துக்கொள்வான்.

எங்கே விட்டேன்? ஷாலினி. ஷாலினியை இன்னும் சொல்லவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் மேஜையில் ஒரு தமிழ்க் குடும்பத்தை உட்காரவைத்தார்கள். ஷாலினி, அவள் புருஷன் விவேக், நடை பழகுகிற வயதில் ஒரு பையன். சென்னைக்காரர்கள், கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். திருச்சியா, திருச்சியில் எங்கே என்று கேட்டாள். நான் தில்லைநகர் என்றேன். அது பொய் இல்லை. என் சின்ன வயசில் பாதி நேரம் தில்லைநகரில்தான் போனது. அம்மா உடனே குறுக்கே வந்து, இல்லம்மா, நாங்க வரகனேரி, தில்லைநகர்ல நான் டாக்டர் வீட்டுல புள்ள பாத்துக்கிட்டேன் என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது, எப்படிச் சோறு ஊட்டினால் துப்பாமல் தின்பான் என்பது வரைக்கும். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். யாருடா கால மிதிக்கிறது என்று அப்பா கேட்டார். நான் மிதித்தது அவர் காலை.

ஷாலினி 'ஓ' என்றாள். அந்த 'ஓ'வை நான் மறக்க மாட்டேன். அதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கிறது. அப்பாவைக் கேட்டால், அது வெறும் 'ஓ'தான் பாப்பா என்பார். அவருக்கு என்ன தெரியும்?

அந்தப் பையன் அதுவரைக்கும் எதையும் வாயில் வாங்காமல் அழுதுகொண்டிருந்தான். அம்மா அவனை மடியில் வைத்து, கப்பலில் கிடைத்த ஏதோ ஒரு சாதத்தைக் கையால் மசித்து, என்னவோ பாட்டுப் பாடி, தட்டைக் காலி செய்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் எங்கே பார்த்தாலும் அம்மாவிடம் தாவினான். அம்மா அவனை ராசா என்று கூப்பிட்டாள். கப்பல் முழுக்க அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றினாள். நீச்சல் குளத்தைக் காட்டினாள், லிப்டைக் காட்டினாள், அறைக்குக் கொண்டுவந்து யானையைக் காட்டினாள். ஷாலினி ஆன்ட்டி ஆன்ட்டி என்று பின்னாலேயே வந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது அக்கா. தெரிந்துகொண்டுதான் கொடுக்கிறார்கள். குழந்தை பார்த்துக்கொண்டவள் என்று இவளே வாயால் சொல்லிவிட்டாள், பிறகு அவர்களுக்கு என்ன கவலை?

நான் அம்மாவோடு இருந்து தடுத்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். எனக்கு ஆபீஸ் வேலை இருந்தது. லீவு என்றாலும் மெயில் வந்துகொண்டே இருக்கும், பதில் போடாவிட்டால் மனசு நிற்காது. பகலெல்லாம் நெட் கிடைக்கிற மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் யாருக்காக?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நிற்கிற நாள்.

அப்பா விடிந்ததும் மேல்தளத்துக்குப் போய், முன்பக்கக் கம்பியில் தன் துண்டை விரித்து எங்கள் மூன்று பேருக்கும் இடம் பிடித்துவிட்டார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்களே, அதே மாதிரி. மங்கி குல்லா போட்டுக்கொண்டு துண்டுக்குக் காவலாக நிற்கிறார். வெள்ளைக்காரர்கள் அந்தத் துண்டைப் பார்க்கிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள், தள்ளிப் போய் நிற்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இடம் நல்ல இடம், அதையும் சொல்ல வேண்டும்.

கப்பல் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஊர்ந்து போகிறது. தண்ணீர் முழுக்கப் பனிக்கட்டி மிதக்கிறது. தூரத்தில் அந்தப் பனியாறு தெரிகிறது. நான் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நீலம் அக்கா. உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒரு நீலம். அத்தனை கூட்டத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. நான் கேமராவை எடுத்தேன்.

பார்த்தால், உடம்பில் அந்தப் பழைய காப்பிக்கலர் ஸ்வெட்டர். டாக்டர் வீட்டில் கொடுத்தது. முழங்கையில் நூல் பிரிந்து தொங்குகிறது. சிவப்புக் கோட்டு எங்கே என்றேன். அழுக்காயிரும்னு அறையிலேயே வெச்சிட்டேன் என்கிறாள். யாருக்கு வராது கோபம்? போய் மாற்றிக்கொண்டு வா, இன்னும் நேரம் இருக்கிறது, இந்த ஸ்வெட்டரோடு எடுக்க மாட்டேன் என்று அனுப்பினேன். இதிலேயே எடுத்தா என்னா பாப்பா, பனிக்குத் தெரியவா போகுது என்றாள். போ என்றேன். போனாள்.

போனவள் வரவே இல்லை.

கப்பல் பனியாற்றின் முன்னால் போய் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஏதேதோ சொல்கிறார்கள். அம்மா வரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அறையில் இல்லை. கோட்டும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை, லிப்டில் இல்லை. எல்லோரும் மேலே போய்விட்டதால் கப்பலுக்குள் ஓர் ஆள் இல்லை. கால் தடுக்கிக் கடலில் விழுந்திருந்தால்? அவளுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. இடி மாதிரி. நின்ற இடத்தில் காலுக்குக் கீழே உணர்ந்தேன். மேலே ஆயிரம் பேர் ஒன்றாகக் கத்துகிறார்கள். பனி உடைந்து கடலில் விழுந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவது. நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கிறேன்.

கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சோபா. அதில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ராசா தூங்குகிறான். அவன் மேல் சிவப்புக் கோட்டைப் போர்த்தியிருந்தாள். எதிரே பெரிய ஜன்னல்தான், ஆனால் அது கப்பலின் மறுபக்கம். வெறும் தண்ணீரும் நாலு பனிக்கட்டித் துண்டும்தான் தெரிகிறது.

அம்மா என்று கத்தினேன். உண்மையாகவே கத்தினேன்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். “கத்தாத பாப்பா. புள்ள தூங்குது.”

கேட்டீர்களா? நான் கப்பல் முழுக்கத் தேடி, செத்துப் பிழைத்து வந்து நிற்கிறேன். ஷாலினி படியேறுவதை இவள் பார்த்தாளாம். தோளில் பை, கையில் குழந்தை வண்டி, இடுப்பில் இவன் அழுகிறான். இவள் வாங்கிக்கொண்டாளாம். வாங்கின கையோடு தூங்கிவிட்டானாம். அசைந்தால் எழுந்துவிடுவான் என்று அப்படியே இருந்துவிட்டாளாம். அந்தச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது, தட்டிக்கொடுத்தேன், மறுபடியும் தூங்கிட்டான் என்று ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி சொல்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஷாலினியும் புருஷனும் இறங்கி வந்தார்கள். குளிரில் கன்னமெல்லாம் சிவந்து, கையில் சூப் கப்போடு, சிரித்துக்கொண்டு. சாரி ஆன்ட்டி, ரொம்ப நேரம் ஆயிடுச்சு, நீங்க போங்க, இன்னும் கப்பல் நிக்குது என்றாள்.

நான் சொன்னேன். “எங்க அம்மா உங்க வீட்டு ஆயா இல்ல.”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். நாங்க கேக்கவே இல்லைங்க, அவங்கதான் கை நீட்டினாங்க என்றாள். கண் கலங்கியது. அதெல்லாம் நான் நம்புவதில்லை. விவேக் பையனைத் தூக்கிக்கொண்டான். பையன் விழித்து வீரிட்டான். கோட்டு கீழே விழுந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, நாங்கள் இரண்டு பேரும் மேலே போனபோது கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. பனியாறு முதுகுப் பக்கம் போய்விட்டது. அப்பா மட்டும் அதே இடத்தில் நிற்கிறார். துண்டை இரண்டு பக்கமும் இழுத்து விரித்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு. எங்கள் இரண்டு பேர் இடத்தையும் கடைசி வரைக்கும் யாருக்கும் விடவில்லை.

அறைக்கு வந்து நான் அழுதேன். இருந்ததெல்லாம் கொட்டினேன். உன்னை அந்த வேலையிலிருந்து எடுக்கத்தான் நான் படித்தேன், இத்தனை தூரம் கொண்டுவந்தேன், கடைசியில் இங்கேயும் வந்து அடுத்தவர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, அவர்கள் உன்னை என்னவாக நினைக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். அம்மா கோட்டை உதறி, மடித்து, கட்டிலில் யானைக்குப் பக்கத்தில் வைத்தாள். மடித்தது சரியில்லை என்று பிரித்து மறுபடியும் மடித்தாள்.

பிறகு சொன்னாள். “அந்த வார்த்தைய அவங்க சொல்லல பாப்பா. நீதான் சொன்ன.”

என்ன அநியாயம் பாருங்கள் அக்கா. அவளுக்காகப் பேசினால் என்னையே குற்றம் சொல்கிறாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் அவிழ்த்தார்.

அதற்குப் பிறகு அம்மா ஒழுங்காக இருந்தாள். நான் சொன்னபடியே. அறையைத் தொடவில்லை. லிப்டில் பேசவில்லை. ஷாலினி குடும்பம் வேறு மேஜைக்கு மாறிவிட்டது. ஒரு நாள் நடையில் எதிரே வந்தார்கள். ராசா அம்மாவைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டித் தாவினான். அம்மா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி, அவர்கள் போகிற வரைக்கும் நின்றாள். சரி, இப்போதாவது புரிந்துகொண்டாளே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் தூரத்தில் இன்னொரு பனிமலை தெரிந்தது. அங்கே வைத்து அந்தப் போட்டோவை எடுத்தேன். காட்டுகிறேன் இருங்கள், போன் இந்தப் பக்கத்துப் பாக்கெட்டில்தான், பையன் தலை சாயாமல் எடுக்கிறேன். இதோ. சிவப்புக் கோட்டு எப்படி எடுப்பாகத் தெரிகிறது பாருங்கள். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கையைப் பாருங்கள் அக்கா. யாரோ கழற்றி மாட்டின மாதிரி தொங்குகிறது. சிரி என்று எத்தனை முறை சொன்னேன். எங்கே பார்க்கிறாள் என்றே தெரியவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மாட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன், இந்த முறை ஊருக்கு வந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும்தான் இருக்கிறது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். டாக்டர் வீட்டு போட்டோ மட்டும் மாட்டின இடத்திலேயே இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே இப்போது இந்தத் திருவானைக்கோயில் வீடு. அதுவும் என்னிடம் பொய் சொல்லிவிட்டு. கோயிலுக்காம். காலையில் அப்பாவிடம் சண்டை போட்டேன். ஏன் விட்டீர்கள் என்று. அவர் சொல்கிறார், கப்பல்ல போயிட்டு ஊருக்குத் திரும்பினதுல இருந்து உங்கம்மா ராத்திரி தூங்கவே இல்ல, அந்தப் புள்ளயைப் பாத்துக்கப் போனதுல இருந்துதான் தூங்குறா என்று. இது ஒரு பதிலா? டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கலாம். அதற்கு வேலைக்கா போவார்கள்?

அந்த வீட்டு வாசலில் நின்று என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வருகிறேன். அந்தப் பேங்க்காரப் பெண்ணுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுவேன். ஒரே ஒரு கேள்வி அம்மாவிடமும் கேட்க வேண்டும். ஊரில் இருக்கிற பிள்ளையெல்லாம் தூக்குகிறாயே, என்னைத் தூக்கினாயா என்று. எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. தூக்கியிருப்பாள். தூக்காமலா இருந்திருப்பாள். எனக்குத்தான் ஞாபகம் இல்லை. ஆனால் கேட்க வேண்டும்.

காவிரிப் பாலம் தாண்டியாயிற்றா? நான் பார்க்கவே இல்லை. மாம்பழச்சாலையும் போய்விட்டதா?

உங்கள் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான் பாருங்கள். என் துப்பட்டாவெல்லாம் எச்சில். இருக்கட்டும், துவைத்தால் போய்விடும். என் இடது கால் மரத்துவிட்டது, அதுவும் பரவாயில்லை. ஜன்னல் வெயில் அவன் கண்ணில் அடிக்கிறது, அந்தப் பையைக் கொஞ்சம் உயர்த்தி மறைவாகப் பிடியுங்கள். ஆ, அப்படித்தான். என்ன ஒரு தூக்கம். ஒன்றும் தெரியாத தூக்கம்.

நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நியாயம் யார் பக்கம்? சொல்லுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கண்டக்டர் ஏன் இப்படிக் கூப்பாடு போடுகிறார்? தெரியும், தெரியும், திருவானைக்கோயில்தான். இல்லை அக்கா, நீங்கள் வாங்க வேண்டாம். கையை எடுங்கள். இப்போது மாற்றினால் முழித்துக்கொண்டு அழுவான். அந்த வீடு எங்கேயும் போய்விடாது. ஸ்ரீரங்கத்தில் இறங்கி வேறு பஸ்ஸில் திரும்பி வந்துகொள்கிறேன். விசிலடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் அவரை. மறுபடியும் பாருங்கள், ஜன்னலைத் தட்டுகிறார்.

“அண்ணே, கத்தாதீங்க. புள்ள தூங்குது.”